கொழுக்கட்டையும் கொளுக்கட்டையும்

டில்லிக்கு வந்து இறங்கிய முதல் நாள் இரவு, விடுதி மெஸ்ஸில் நின்றுகொண்டு, "ஒற்றைக்கண்ணன் எப்போது கிடைப்பான்?" என்று கேட்டவன் நான்.

நான் கேட்க நினைத்தது, சாப்பாடு எப்போது கிடைக்கும் என்பதே. இந்தி ஒரு சொல்லும் அறியாதவனாகையால், இரயில் பயணம் முழுவதும் அந்த ஒரே வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்திருந்தேன். "கானா கப் மிலேகா?" இதில் என்ன பிழை இருக்க முடியும் என்று நீங்கள் கேட்கலாம். எழுத்தில் பிழை இல்லை. ஒலியில் இருந்தது பிழை. மூச்சை அழுத்தி வெளியே தள்ளிச் சொன்னால்தான் அந்தச் சொல்லுக்குச் சாப்பாடு என்று பொருள். மூச்சின்றி, நாம் ‘கால்’ என்பதில் சொல்லும் ககரத்தைப் போட்டுச் சொன்னால், அது ஒற்றைக்கண்ணனைக் குறிக்கும். பரிமாறுபவர் தம் இரண்டு கண்களையும் விரலால் தொட்டுக் காட்டி ஏதோ சொன்னார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். ககரம் சற்றுக் கடுமையாகிவிட்டது போலும் என்று எண்ணி, ‘தங்கம்’ என்னும் சொல்லில் வருவதுபோல் அதை மென்மையாக்கி மறுபடியும் கேட்டேன். அதற்குப் பாட்டு என்று பொருளாம்! பசியோடு வந்தவன் பாட்டுக் கேட்கிறான் என்று சிரிப்பு இரட்டிப்பாயிற்று. அந்த மூன்று சொற்களையும் தமிழில் எழுதிப் பாருங்கள்: கானா, கானா, கானா. எதில் எது சாப்பாடு என்று தொல்காப்பியரே வந்தாலும் சொல்ல இயலாது.

அன்றிலிருந்து மூன்று வாரம் நான் மெஸ்ஸில் வாய் திறக்கவில்லை. என் விரலே என் மொழியாயிற்று. எதைச் சுட்டிக் காட்ட முடியுமோ அதைத் தின்றேன். தட்டில் விழுந்தது இன்னதென்று கேட்க மாட்டேன். போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றும் கேட்க மாட்டேன். ஒரு நாள் மஞ்சள் நிறத்தில் மோர்க்குழம்பைப் போல ஒன்று கண்டேன். சுட்டினேன். வீட்டு நினைவு வரும்படி அத்தனை நன்றாக இருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம் துணிந்து அதன் பெயரைக் கேட்டேன். "கடி" என்றார். யாரைக் கடிப்பது என்று விழித்தேன். தயிரும் கடலை மாவும் சேர்த்துக் காய்ச்சி, பக்கோடாவை மிதக்கவிட்ட அந்தக் குழம்புக்கு அதுதான் பெயர். அவர் சொன்ன டகரம் நம் டகரம் இல்லை. நாக்கு மேலண்ணத்தைத் தட்டிவிட்டுத் திரும்பும்போது மூச்சும் சேர்ந்து வருவது. என் காதுக்கு அது வெறும் ‘கடி’யாகத்தான் விழுந்தது. இன்றும் அப்படித்தான் விழுகிறது.

இவ்வளவு சிறிய சங்கதியை இந்த இதழில் எழுதுவானேன்? காரணம் இருக்கிறது. வரவிருக்கும் பொங்கல் விழாவின் நிகழ்ச்சிகளைப் பற்றி நம் சங்கத்தின் செயற்குழு உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்டிருக்கிறது. சென்ற ஆண்டு நடந்த உச்சரிப்புப் போட்டியை இந்த ஆண்டும் நடத்தவேண்டும் என்று பலர் சொல்லியிருப்பதாகக் கேள்விப்படுகிறேன். நடத்தக் கூடாது என்பது என் கருத்து. சென்ற ஆண்டு ஒலிபெருக்கியைக் கையில் பிடித்து அந்தப் போட்டியை நடத்தியவன் நான்தான். ஆகையால் இதைச் சொல்லும் கடமை மற்றவர்களைவிட எனக்கு அதிகம்.

போட்டியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். விருந்து முடிந்ததும், நம் அழைப்பை ஏற்று வந்த பிறமாநில நண்பர்களை ஒவ்வொருவராக மேடைக்கு அழைப்போம். ஒரு பெட்டியில் சீட்டுகள் கிடக்கும். வாழைப்பழம், கொழுக்கட்டை, கூழ், மோர்க்குழம்பு, புழுங்கலரிசி என்று ஒவ்வொன்றிலும் ஓர் உணவின் பெயர், ஆங்கில எழுத்தில். எடுத்தவர் உரக்கப் படிக்கவேண்டும். சரியாகச் சொன்னவருக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். ஆனால் யாரும் சரியாகச் சொல்வதற்காக அந்தப் போட்டி நடத்தப்படவில்லை என்பது நம் அனைவருக்கும் தெரியும். அவர்கள் தவறவேண்டும், நாம் சிரிக்கவேண்டும். அதற்காகத்தான் பொறுக்கிப் பொறுக்கி ழகரச் சொற்களாகச் சீட்டில் எழுதினோம்.

முதலில் ஒரு விஞ்ஞான மாணவனாகச் சில செய்திகளைச் சொல்ல விரும்புகிறேன்.

நாம் ஒரு ககரத்தைச் சொல்லும்போது நாவின் பின்பகுதி அண்ணத்தை அடைத்துப் பிறகு விடுகிறது. விட்ட கணத்துக்கும் குரல்வளை நாண்கள் அதிரத் தொடங்கும் கணத்துக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு. அந்த இடைவெளி மிகக் குறுகியதாக இருந்தால் ஒரு ஒலி. நீண்டு, அதில் மூச்சு நிரம்பினால் வேறொரு ஒலி. விடுவதற்கு முன்பே நாண்கள் அதிரத் தொடங்கிவிட்டால் மூன்றாவது ஒலி. நீண்டது என்று நான் சொல்லும் இடைவெளியும் ஏறக்குறைய ஒரு விநாடியின் பத்தில் ஒரு பங்குதான். என்னை ஒற்றைக்கண்ணனிடம் கொண்டுபோய் விட்டது அந்தச் சிறு பொழுதுதான். லிஸ்கர், ஏப்ரம்சன் என்னும் இரண்டு அமெரிக்க அறிஞர்கள் பதினொரு மொழிகளில் இந்த இடைவெளியை அளந்து 1964-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அந்தப் பதினொன்றில் தமிழும் உண்டு, இந்தியும் உண்டு. இந்தி, மராத்தி ஆகிய மொழிகளில் இத்தகைய ஒலி நான்கு வகை என்றும், தமிழில் இரண்டே வகை என்றும் அவர்கள் வகுத்தார்கள். நமக்கு அந்த இரண்டும்கூட இடம் நோக்கித் தாமாக மாறிக்கொள்பவை. ‘கால்’ என்பதிலும் ‘தங்கம்’ என்பதிலும் வேறு வேறு ககரம் ஒலித்தாலும், எழுத்து ஒன்றே போதும் என்று நம் முன்னோர் கண்டார்கள். தமிழுக்கு அது குறைவு ஆகாது, சிக்கனம்.

இன்னொரு செய்தி. கனடா நாட்டில் வெர்க்கர், டீஸ் என்னும் இருவர் 1984-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இது. ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியில் உள்ள தகரத்தையும் டகரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். ஆங்கிலத்தில் அந்த வேறுபாடு இல்லை. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் வேறுபாட்டை நன்றாக அறிந்துகொண்டன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளுள் பெரும்பாலானவற்றுக்கு அது பிடிபடவில்லை. ஒரு வயது நிறைவதற்குள், தன் வீட்டில் வழங்காத ஒலிகளுக்குக் காது கதவைச் சாத்தத் தொடங்கிவிடுகிறது. தாய்மொழியைக் கற்பதற்குக் குழந்தை கொடுக்கும் விலை அது. அப்படியானால், இருபது வயதில் ஒருவர் ‘கொழுக்கட்டை’ என்று சொல்லத் தடுமாறினால், அவர் என்ன குற்றம் செய்தார்? தொட்டிலில் கிடந்தபோது தம் தாய் பேசியதைக் கவனமாகக் கேட்டார், அவ்வளவுதான். அதற்காக நாம் சிரிக்கிறோம்.

அதிலும் நம் பங்கு ஒன்று உண்டு. ழகரத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘இஸட்’டையும் ‘எச்’சையும் சேர்த்து எழுதுகிறோம். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்தவர் ‘கொஜுக்கட்டை’ என்று படிக்காமல் வேறு எப்படிப் படிப்பார்? வழி தவறிய பலகையை நாமே நட்டுவிட்டு, வழி தவறியவரைப் பார்த்துக் கைகொட்டுகிறோம். ‘டோசா’வும் இத்தகையதே. ஆங்கில எழுத்தில் தகரத்துக்கும் டகரத்துக்கும் வேறுபாடு இல்லை. அந்தப் பாதையில் நடந்து வந்த நம் தோசை, வட நாட்டில் டகரத்தோடு குடியேறிவிட்டது. சாம்பாரின் கதை இன்னும் வேடிக்கை. இங்குள்ள உணவுச்சாலைப் பலகைகளில் பகரத்துக்கு மூச்சு ஏற்றி, நெடிலைக் குறிலாக்கி எழுதியிருப்பார்கள். இராஜஸ்தானத்தில் உள்ள உப்பு ஏரி ஒன்றுக்கும் இந்தியில் அதே எழுத்து, அதே பெயர். காட்டில் திரியும் கடமானுக்கும் அதே பெயர். நாம் மோர்க்குழம்பு என்று நினைத்துக் ‘கடி’யைத் தின்றோம், அவர்கள் உப்பு ஏரியை இட்லிக்குத் தொட்டுக்கொள்கிறார்கள். கணக்கு நேர் ஆயிற்று.

நேர் ஆயிற்று என்று சொல்வது விளையாட்டுக்கு மட்டுமன்று. உணவு ஓர் ஊரிலிருந்து வேற்றூருக்குப் போகும்போது அதன் பெயர் மாறாமல் போனதாக வரலாறே இல்லை. அல்வா அரபு மொழிச் சொல். தலையில் இருந்த ஹகரத்தை வழியில் எங்கேயோ தொலைத்துவிட்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. திருநெல்வேலிக்காரரிடம் போய், "அண்ணாச்சி, உங்கள் ஊர் அல்வாவின் பெயரை நீங்கள் தவறாகச் சொல்கிறீர்கள்" என்று சொல்லிப் பாருங்கள்! போர்த்துக்கீசியரின் ‘அனனாஸ்’ நம் வாயில் அன்னாசி ஆயிற்று. அவர்களே அதைத் தென்னமெரிக்கப் பழங்குடிகளிடமிருந்து வாங்கித் தம் வாய்க்கேற்ப வளைத்தவர்கள்தாம். வடக்கேயுள்ள பராத்தா தமிழ்நாட்டுக்கு வந்ததும் பரோட்டா ஆயிற்று; பெயர் மட்டுமா, மாவும் மாறிற்று, வடிவமும் மாறிற்று. நம்மிடமிருந்து போனவையும் அப்படியே. மிளகுத்தண்ணீர் ஆங்கிலேயர் வாயில் ‘மல்லிகட்டானி’ என்னும் சூப்பாயிற்று. கஞ்சி ‘காஞ்சி’ ஆகி, இன்று சீனரின் அரிசிக் கஞ்சிக்கும் ஆங்கிலத்தில் அதுவே பெயர். வடசொல் தமிழுக்குள் வரும்போது வட எழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தை ஏற்கவேண்டும் என்று தொல்காப்பியரே விதி செய்திருக்கிறார். பிறர் சொல்லை நம் வாய்க்கேற்பத் திருத்திக்கொள்ள நமக்கு இலக்கணமே உரிமை தந்திருக்கும்போது, நம் சொல்லைத் தம் வாய்க்கேற்பத் திருத்திக்கொள்ளப் பிறருக்கு மட்டும் உரிமை இல்லையா?

அப்படியானால் எதையும் எப்படியும் சொல்லலாமா என்று கேட்கும் நண்பர்கள் இருப்பார்கள். கூடாது. ஒருவரின் உணவை அவர் சொல்வதுபோல் சொல்ல முயல்வது அவருக்கு நாம் செய்யும் மரியாதை. அந்த முயற்சியை எப்படி வளர்ப்பது என்பதே கேள்வி. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மணிப்பூரைச் சேர்ந்த ஒரு நண்பர்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை அவருடையது. விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது, பதப்படுத்திய மீன் கொஞ்சம் பொட்டலமாகக் கொண்டுவருவார். வேகவைத்த காய்களையும் மிளகாயையும் அதோடு சேர்த்து மசித்து ஒரு கூட்டு செய்வார். கூட்டுக்குப் பெயர் எரோம்பா. அது எளிதாக வந்துவிட்டது. மீனின் பெயர்தான் என்னைச் சோதித்தது. ஙாரி. முதல் எழுத்தே ‘ங’!

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். ஙகரம் நம் எழுத்து. அரிச்சுவடியில் ஙா, ஙி, ஙீ என்று வரிசை முழுவதும் எழுதிக் கை வலித்தவன் நான். ஆயினும் அந்த எழுத்தைச் சொல்லின் முதலில் வைத்து என் வாய் ஒரு நாளும் சொன்னதில்லை. ‘நாரி’ என்றேன். ‘ஞாரி’ என்றேன். ‘இங்காரி’ என்றேன். நண்பர் சிரிக்கவில்லை. தம் சொல்லை மெதுவாக மறுபடியும் ஒரு முறை சொன்னார். பிறகு, "உங்கள் மொழியில் இந்த ஒலி சொல்லின் நடுவில் வருமா?" என்று கேட்டார். வரும் என்றேன், மாங்காய் என்று சொல்லிக் காட்டினேன். "அதில் பாதியில் நிறுத்துங்கள். நாக்கு எங்கே இருக்கிறதோ அங்கேயே இருக்கட்டும். அங்கிருந்து தொடங்குங்கள்" என்றார். மாங்… என்று நிறுத்தினேன். அங்கிருந்து தொடங்கினேன். ஙாரி வந்துவிட்டது! இருபத்து மூன்று ஆண்டுகளாக என் வாயில் இருந்த ஓர் ஒலியை, தமிழே தெரியாத ஒருவர் எனக்கு எடுத்துக் கொடுத்தார். அன்று அந்தக் கூட்டை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பெயரைச் சொல்லிக் கேட்டேன், விரலால் சுட்டவில்லை.

தொல்காப்பியர் பிறப்பியலில் செய்திருப்பதும் இதுவேதான். நுனி நாக்கு மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருடும்போது ரகரமும் ழகரமும் பிறக்கின்றன என்று விளக்கியிருக்கிறார். எழுத்துப் பிழைபட்டவனைப் பார்த்து நகையாடச் சொல்லவில்லை; நாக்கை எங்கே வைப்பது என்று சொல்லிக்கொடுத்தார். ழகரத்தின் பெருமையைக் காப்பதற்காகவே போட்டி நடத்துகிறோம் என்று சொல்லும் நண்பர்களுக்கு நான் இதைத்தான் நினைவூட்ட விரும்புகிறேன். பெருமையைக் காக்க ஒரு வழி கற்பிப்பது. சிரிப்பதனால் எந்த எழுத்தும் காக்கப்பட்டதில்லை.

இனி, இத்தனை நேரம் தள்ளி வைத்திருந்த செய்திக்கு வருகிறேன்.

சென்ற ஆண்டுப் போட்டியில் வாழைப்பழச் சீப்பைத் தட்டிச் சென்றவர் ஒரு மலையாள நண்பர். அவர் மொழியிலும் ழகரம் உண்டு. அவருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பரிசு கொடுத்து முடித்தபின், கூட்டத்தில் யாரோ, "நம்மவர் ஒருவரும் வரட்டும்" என்று குரல் கொடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த முதலாண்டு மாணவி ஒருவரை நான் அழைத்தேன். டில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழ் எழுதப் படிக்க அவ்வளவாகத் தெரியாவிட்டாலும், வீட்டில் தமிழ்தான். சங்கத்துக்கு அவர் வந்தது அன்றுதான் முதல் முறை. சீட்டை எடுத்தார். சிரித்த முகத்தோடு, தயக்கமே இல்லாமல், "கொளுக்கட்டை" என்று சொன்னார்.

அரங்கம் அதிர்ந்தது. வட நாட்டவர் தவறியபோது எழுந்த சிரிப்பைவிட இது பெரிதாக இருந்தது. நான் என்ன செய்தேன்? ஒலிபெருக்கியை அவர் வாயருகே கொண்டுபோய், "தமிழச்சியா நீங்கள்? இன்னொரு முறை சொல்லுங்கள்" என்றேன். இன்னொரு முறையும் அதேதான் வந்தது. மறுபடியும் சிரிப்பு. சிரிப்பு அடங்குவதற்குள் அவர் கீழே இறங்கிப் போய்விட்டார். அதன்பிறகு சங்கத்தின் எந்தக் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை.

நான் தஞ்சை மாவட்டத்துக்காரன். தென்பாண்டிச் சீமையில் மக்கள் ழகரத்தை ளகரமாகச் சொல்லுவார்கள் என்பதை நான் அறிவேன். வாளப்பளம் என்பதே அங்கே ஆயிரமாயிரம் வீடுகளில் வழங்கும் சொல். சென்னையில் அதுவே வாயப்பயம் ஆகும். அவர்கள் எல்லாம் தமிழர் அல்லரா? அவர்கள் உண்பது வாழைப்பழம் இல்லையா? இவையெல்லாம் தெரிந்திருந்தும், அந்த ஒரு கணத்தில் கூட்டத்தின் சிரிப்பு எனக்கு இனித்தது. அதனால் செய்தேன்.

சில மாதங்கள் கழித்து நூலகத்தின் படிக்கட்டில் அந்த மாணவியைக் கண்டேன். என்னிடம் அவர் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் மன்னிப்புக் கேட்டேன். சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுத் தமிழில் சொன்னார்: "பரவாயில்லண்ணா. எங்க ஆச்சி அப்படித்தான் சொல்லுவாங்க. நான் பேசுற தமிழெல்லாம் ஆச்சிகிட்டக் கத்துக்கிட்டதுதான். ஆச்சி தப்பாச் சொல்றாங்கன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

நண்பர்களே, இந்தச் சொற்களை நான் அன்றிலிருந்து சுமந்துகொண்டு திரிகிறேன். ஊரைவிட்டு வந்து, தமிழ் எழுத்தைப் பலகையிலும் காணாத நகரத்தில், ஒரு மூதாட்டி தம் பேர்த்திக்குத் தமிழைக் கட்டிக் காத்துக் கொடுத்திருக்கிறார். அந்தத் தமிழின் சுவையான சொற்களுள் ஒன்று கொளுக்கட்டை. வெல்லமும் தேங்காயும் பூரணமாக வைத்து, ஆவியில் வேகவைத்து, சூடு ஆறுமுன் கையில் கொடுத்த பொருளின் பெயர். நாம் ஒரு நிமிஷச் சிரிப்புக்காக, அந்த ஆச்சியை அவர் பேர்த்தியின் கண்முன் தவறானவர் ஆக்கிவிட்டோம். தமிழ்ச் சங்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு, தமிழ் பேச வந்த ஒருவரை ஆங்கிலத்துக்கு அனுப்பிவைத்தோம். என்னை மூன்று வாரம் ஊமையாக்கிய மெஸ் வரிசைக்கும் நம் மேடைக்கும் என்ன வேறுபாடு? அவர்களாவது என்னை அயலான் என்று நினைத்துச் சிரித்தார்கள்.

"வேடிக்கைக்குத்தானே! இதைப் போய்ப் பெரிதுபடுத்துவதா?" என்று சிலர் கேட்கக்கூடும். வேடிக்கை வேண்டும், நானும் வேடிக்கைப் பிரியன்தான். சிரிப்பவரும் சிரிக்கப்படுபவரும் மாறி மாறி இடம் பெயர்ந்தால் அது வேடிக்கை. ஒரு தரப்பு எப்போதும் மேடையிலும், மற்றத் தரப்பு எப்போதும் நாற்காலியிலும் இருந்தால் அதற்கு வேறு பெயர். சொல்லும் விதத்தைக் கொண்டு ஆளைப் பிரிக்கும் பழக்கம் உலகில் மிகப் பழையது. அது எப்போதும் சிரிப்போடு நின்றதில்லை. விவிலியத்தில், ஆற்றுத் துறையில் நின்றவர்கள் ‘ஷிபோலெத்’ என்று சொல்லச் சொன்னார்களாம். ‘ஸிபோலெத்’ என்றவர்கள் வெட்டப்பட்டார்கள். 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் டொமினிக்கன் குடியரசில், சர்வாதிகாரி த்ருஹீயோவின் ஆணையால் ஹெய்ட்டிய மக்கள் பல ஆயிரம் பேர் கொல்லப்பட்டனர். கொத்துமல்லியை ஒத்த ஒரு தழையைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னார்கள் என்றும், அதை ஸ்பானியர்போல் ‘பெரெஹீல்’ என்று சொல்ல நா எழாதவர்களை ஹெய்ட்டியர் என்று அடையாளம் கண்டார்கள் என்றும் சொல்லப்படுகிறது. ஒரு சமையல் தழையின் பெயர்! நம் பொங்கல் விழாவை அந்தக் கொடுமையோடு ஒப்பிடும் அளவுக்கு நான் அறிவிழந்தவன் அல்லேன். ஆனால் நாவை வைத்து ஆளை அளக்கும் அந்தக் கோல் மட்டும் ஒன்றே. அதை விளையாட்டுக்குக்கூட நாம் கையில் எடுக்கவேண்டாம் என்கிறேன்.

வேண்டாம் என்று சொல்வதோடு நின்றுவிட்டால் செயற்குழுவுக்கு அது உதவாது. ஆதலால், போட்டிக்குப் பதிலாக ஒன்றைச் சொல்கிறேன்.

விருந்தில் ஒவ்வொரு பண்டத்துக்கும் பக்கத்தில் ஒரு சீட்டு இருக்கட்டும். அதில் பெயர் தமிழிலும் தேவநாகரியிலும் எழுதியிருக்கட்டும். ஆங்கில எழுத்தின் குழப்பம் குறையும். பரிமாறுபவர் பண்டத்தின் பெயரை ஒரு முறை தெளிவாகச் சொல்லி, அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்பதையும் சொல்லட்டும். வந்தவர் தவறாகச் சொன்னால், சரியானதை மெதுவாக இன்னொரு முறை சொல்வோம். அதற்குமேல் ஒன்றும் வேண்டாம். அவர் ‘டோசா’ என்றே சொன்னாலும் தோசை மொறுமொறுப்பாகவே இருக்கும்.

விருந்து முடிந்தபின், மேடைக்கு நாம் ஏறுவோம். வங்காளத்து நண்பரும், காஷ்மீரத்து நண்பரும், மணிப்பூர் நண்பரும் தத்தம் வீட்டு உணவு ஒன்றன் பெயரைச் சொல்லிக்கொடுக்கட்டும். நாம் அதை ஒலிபெருக்கியில் சொல்ல முயல்வோம். முதல் ஆளாக ஏறி, அந்தப் பழைய ‘கானா’வை நூறு பேர் முன்னிலையில் மூச்சு முட்டச் சொல்ல நான் தயார். அவர்கள் சிரிக்கட்டும். இத்தனை ஆண்டுச் சிரிப்புக்கு அது வட்டிக்கும் காணாது.

சென்ற ஆண்டு மேடையிலிருந்து இறங்கிப் போன மாணவிக்கு இந்த ஆண்டு அழைப்பிதழைத் தபாலில் போட்டால் போதாது. நேரில் போய்க் கொடுக்கவேண்டும். அதை என்னிடம் விடுங்கள். அவருடைய ஆச்சியையும் அழைத்துவரச் சொல்லி, அந்த அம்மையார் இசைந்தால், அவர் கையால் ஒரு பண்டம் செய்து தரும்படி சங்கத்தின் சார்பில் வேண்டிக்கொள்ள எண்ணியிருக்கிறேன். வருவார்களா என்று என்னால் சொல்ல இயலாது. வந்தால், பண்டத்துக்குப் பக்கத்தில் வைக்கும் சீட்டில் என்ன எழுதவேண்டும் என்பதை மட்டும் செயற்குழு இப்போதே முடிவு செய்துவிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அம்மையார் எப்படிச் சொல்கிறாரோ, அப்படியே எழுதவேண்டும்.